ஆறாவது தோட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஊர் சுற்றிப் பார்க்க மும்பை போகவில்லை. நாலு நாள் இருந்தும் கடலைக்கூடப் பார்க்கவில்லை. காலண்டர் ஆர்டர் பிடிக்கப் போனேன். அதனால் அந்த ஊரில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சிவகாசியில் என் தம்பி ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறான். தினசரிக் காலண்டர் அடிக்கிறோம். காலையில் தேதி கிழிக்கிறீர்களே, அந்தத் தாளின் பின்பக்கத்தில் ‘தெரியுமா?’ என்று நாலு வரி இருக்கும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். தாவரவியல்படி வாழைப்பழம் பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி அந்த வகையே இல்லை. வெயில் காலத்தில் ஈஃபில் கோபுரம் கொஞ்சம் உயரும். இந்த மாதிரி. இருபத்திரண்டு வருடமாக அந்த நாலு வரியை எழுதுவது நான்தான். அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிழிப்பார்கள், எண்ணெய்க் கையைத் துடைப்பார்கள், எறிவார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் ஒட்டிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டுவிட்டு எங்கள் ஆட்கள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். மும்பைக்குப் போகிறவன் இந்த முறை பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். தம்பி என்னைப் பார்த்தான்.

“எக்கா, நீ போயிட்டு வாயேன்.”

“எனக்கு இந்தி தெரியாதுடா.”

“தாராவியில எவனுக்கு இந்தி வேணும்? உன் கோவத்தப் பாத்தா தானா வழி விடுவாங்க.”

எனக்குப் போக மனமில்லை. காரணம் இந்தி இல்லை, ஒரு பழைய காரியம்.

எங்கள் தொழிலில் பின்பக்கத்தைத் திருடுவது சாதாரணம். நான் நூலகத்தில் உட்கார்ந்து தேடி எழுதியதை எங்கள் ஊரிலேயே இன்னொரு அச்சகம் எழுத்துப் பிழையோடு அப்படியே போட்டது. சண்டைக்குப் போனேன். “உலகத்துல உள்ள விஷயம்தானக்கா. ஆக்டோபஸ நீங்களா பெத்தீங்க?” என்று அந்த முதலாளி சிரித்தான். அவன் சொன்னது சரிதான். அதனால்தான் அவ்வளவு எரிச்சல். உண்மைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பொய்க்கு முடியும். நானே ஒரு பொய் எழுதினேன். மாட்டுங்கா பக்கம் ஃபைவ் கார்டன்ஸ் என்ற இடத்தில் ஐந்து பூங்கா இருப்பதாக எங்கள் மும்பை ஆள் எப்போதோ சொல்லியிருந்தான். ‘மும்பையின் ஃபைவ் கார்டன்ஸில் பெயருக்கு மாறாக ஆறு தோட்டங்கள் உள்ளன’ என்று போட்டேன். அடுத்த வருடம் அவன் காலண்டரில் அதே வரி. ஒரு கல்யாண மண்டபத்தில், பத்து அச்சக முதலாளிகள் முன்னால், இரண்டு தாளையும் காட்டி அவன் மானத்தை வாங்கினேன்.

அது நடந்து ஒன்பது வருடம். காலண்டரோடு பொய்யும் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் தாதரில் இறங்கியபோது மழை. எங்கள் ஊரில் மழை வந்தால் நின்று பார்ப்போம். இங்கே அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் தாராவி வாடிக்கையாளர் மைதீன் பாய் போனில் வழி சொன்னார். “லோக்கல்ல ஏறுங்க தங்கச்சி. மாட்டுங்கா வரும், அடுத்தாப்ல சயான். சயான்ல எறங்கிருங்க.” ஏறினேன். மாட்டுங்காவும் வந்தது, சயானும் வந்தது. ரயில் நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண் மடியில் செய்தித்தாளை விரித்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜன்னலைக் காட்டிக் கத்தினேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஃபாஸ்ட், ஃபாஸ்ட்” என்றாள். குர்லாவில் இறங்கி, பிளாட்பாரத்தில் ஆல்பப் பையைப் போட்டு உட்கார்ந்து, தம்பியிலிருந்து ரயில்வே வரை எல்லாரையும் திட்டினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

மைதீன் பாய்க்குக் கடையநல்லூர்ப் பக்கம். தோல் பை தைக்கும் பட்டறை. கீழே ஆறு மிஷின், மேலே வீடு. ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. அவர் மனைவி இட்லியும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தார். மூன்றாவது இட்லியில் பாய் அதைச் சொன்னார்.

“ஒங்க காலண்டரு இல்லேன்னா இங்க பொழுது விடியாது பாத்துக்கிடுங்க. தாளக் கிழிச்சு, பொறத்தால உள்ளத நான் சத்தமா வாசிக்கணும். பொறவுதான் மிஷின் ஓடும். பாதிப் பயலுவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்லா.”

இருபத்திரண்டு வருடத்தில் முதல் வார்த்தை. “பாயாவில் உப்புக் கம்மி” என்றேன்.

“ஞாயித்துக்கெழம மாட்டுங்கால தமிழ்ச் சங்கத்துல பொது அறிவுப் போட்டி, ஃபைனலு. எங்க வளவுல குடியிருக்கிற இசக்கியம்மாவும் அதுல இருக்கா. எல்லாம் ஒங்க காலண்டர வச்சுப் படிச்சதுதான். நீங்களும் வரணும்.”

“அவங்க என்ன வேலை பார்க்கிறாங்க?”

“ஃபைவ் கார்டன்ல பெருக்குதா.”

நான்காவது இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் இசக்கியம்மாளே என்னைப் பார்க்க வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, பெரிய குரல். வந்ததும் வராததுமாக விசாரணை.

“பனிக்கரடிக்குத் தோலு கருப்புன்னு போட்டியளே, நெசமாக்கா?”

“நிசம்.”

“அப்ப முடிதான் வெள்ளையா? எங்க அத்தை மாதிரி.” அவளே சிரித்தாள். “வெள்ளிக் கெரகம் தன்னைத்தானே ஒருக்கா சுத்தி முடிக்க முந்தி சூரியனைச் சுத்தி முடிச்சிருமாமே. அது எப்படிக்கா? எனக்கு மண்டையில ஏற மாட்டேங்கு.”

விளக்கினேன். தலையை ஆட்டினாள். ஏறவில்லை என்று தெரிந்தது.

அவளுக்குக் காண்ட்ராக்ட் வேலை, பதினோரு வருடம். இந்த வருடம் பர்மனென்ட் லிஸ்ட்டில் பெயர் போயிருக்கிறது. முக்காதம் ஷிண்டே நல்லபடியாக எழுதினால் கிடைக்கும். முக்காதம் என்றால் மேஸ்திரி. அவரையும் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். “நம்மள வெறும் வாரியல் புடிச்சுப் பெருக்குதவன்னு நெனச்சிட்டிருக்காருல்லா. மேடையில பாக்கட்டும்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ‘ஒன்பது வருடத்துக்கு முந்திய தாள், யார் கேட்கப் போகிறார்கள்’ என்று விழுங்கிவிட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், கேவலமாக இருந்தது. காலண்டர் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாம் நாள் மைதீன் பாயோடு செம்பூர், திலக் நகர். கடை கடையாக ஆல்பத்தைத் திறந்து காட்டினேன். முருகன் படத்துக்கும் அன்னை வேளாங்கண்ணிக்கும் ஆர்டர் குறையவில்லை. மத்தியானம் ஓர் ஓட்டலில் சாம்பார் இனித்தது. ஆளைக் கூப்பிட்டு, “இதில் ஏன் வெல்லம் போட்டாய்?” என்று கேட்டேன். “இங்க எல்லாருக்கும் இப்படித்தான் பிடிக்கும் ஆன்ட்டி” என்றான். எல்லாருக்கும் பிடித்தால் சாம்பார் பாயசமாகிவிடுமா? வெளியே வண்டியில் விற்ற வடாபாவ் எவ்வளவோ மேல். உறைப்பை உறைப்பாகவே வைத்திருந்தார்கள்.

திரும்பி டாக்ஸியில் வந்தோம். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு டிரைவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். பாய்க்கு முகமெல்லாம் பல்.

“ஊருக்குப் புதுசான்னு கேக்காரு. ஃபைவ் கார்டன்னு பேருதானாம், எண்ணுனா ஆறு இருக்காம். பாம்பேக்காரனுக்கே தெரியாதாம். பாத்தியளா தங்கச்சி, டாக்ஸிக்காரன் வரைக்கும் ஒங்க சமாச்சாரம் வந்திருக்கு!”

ஒன்பது வருடத்தில் என் பொய் இந்தி கற்றுக்கொண்டிருந்தது. நான் கற்கவில்லை.

பாயைப் போனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். நாலைந்து தமிழ்ப் பக்கங்களில் என் வரி, என் சொல், ‘பெயருக்கு மாறாக’ உட்பட. ஒன்றில் படம்கூடப் போட்டிருந்தார்கள். ஏதோ ஊட்டிப் பூங்கா. “போற வழில போயி அந்த ஆறாவதப் பாத்துருவமா?” என்று பாய் ஆசையாகக் கேட்டார். கடவுள் இருக்கிறார். ஒரு பாலத்தடியில் முட்டளவுத் தண்ணீரில் டாக்ஸி இருமி நின்றது. இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகி, ஆல்பத்தைத் தலைக்கு மேல் பிடித்து நடந்தே வந்தோம். டிரைவர் தண்ணீரில் நின்றபடியே டாட்டா காட்டினார்.

மூன்றாம் நாள் ஞாயிறு. போட்டிக்கு முன்னால் மாட்டுங்காவில் ரசத்தில் ஊறிய இட்லி சாப்பிட்டோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அரங்கில் நூறு பேர் இருக்கலாம். மேடையில் இசக்கியம்மாளும், திலக் நகர் இன்ஜினியர் ஒருவரும், இன்னும் இரண்டு பேரும். கேள்வி கேட்டவர் வெங்கட்ராமன் சார், ரிட்டயர்ட் பாங்க் அதிகாரி. வருடக் கணக்காகக் காலண்டர் தாளைக் கிழித்து அட்டையில் ஒட்டி வைத்திருப்பவராம். கையில் கற்றையாக அட்டை. முன்வரிசையில் இருந்ததால் அச்சின் நிறம் தெரிந்தது. எங்கள் காலண்டர் இல்லை. அந்தத் திருடனுடையது.

இசக்கியம்மாள் வெளுத்து வாங்கினாள். சாப்பாட்டால்தான் ஃபிளமிங்கோவுக்கு அந்த நிறம் வருகிறது என்றாள். ஆக்டோபஸின் ரத்தம் நீலம் என்றாள். ஒவ்வொரு பதிலுக்கும் மூன்றாவது வரிசையில் இருந்த ஷிண்டேயைப் பார்த்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் இந்தியில் சொல்லிக்கொண்டே வர, அவர் தொடையில் தட்டி ரசித்தார். இன்ஜினியரும் அவளும் சமம். அப்போது அந்த அட்டை வந்தது.

“இசக்கியம்மா, நன்னா கேட்டுக்கோங்கோ. நம்ம ஃபைவ் கார்டன்ஸ்ல எத்தனை கார்டன் இருக்கு?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அஞ்சு சார்.”

“தப்பு! ஆறு. பேரைப் பார்த்து ஏமாந்துட்டேளே.”

“இல்ல சார், நான் அங்கனதான வேல பாக்கேன். பதினோரு வருசமா நான்தான பெருக்குதேன்.”

வெங்கட்ராமன் சார் கெட்டவர் இல்லை. தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னார். “அப்போ பதினோரு வருஷமா ஒரு கார்டனைப் பெருக்காமலே விட்டிருக்கேள்!”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. கண்ணாடிக்காரர் அதையும் ஒழுங்காக மொழிபெயர்த்தார். தமாஷ் என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஷிண்டே சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவரிடம் ஏதோ திருப்பிக் கேட்டார். கண்ணாடிக்காரர் தன் போனில் எதையோ தேடிக் காட்டினார். ஷிண்டே பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என்னமோ எழுதினார்.

மேடையில் இசக்கியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. “சார், எனக்குக் குடுத்த வேல லிஸ்ட்டுல அஞ்சுதான் சார்...” என்றாள். மைக்கில்கூடக் கேட்கவில்லை.

எழுந்தேன். “அது பொய்” என்றேன்.

“ஆடியன்ஸ் பேசப்படாது மாமி.”

“நான் மாமி இல்லை. அது பொய். அஞ்சுதான்.”

“அச்சுல வந்திருக்கும்மா! நெட்லயும் இருக்கு, வேணும்னா பாருங்கோ.”

“அச்சில் போட்டதே நான்தான்.”

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சிவகாசி, திருட்டு, பொறி, கல்யாண மண்டபம். “கோவத்தில் எழுதினேன். அந்தத் தோட்டத்தை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அந்தப் பொம்பளை தினமும் பார்க்குது. யாரை நம்புவீங்க?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினேன். “அவருக்கு அதைச் சொன்னீங்கள்ல? இதையும் சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாமல்.”

சொன்னார். பின்னாலிருந்து ஒரு குரல், “அப்ப ஆக்டோபஸும் டூப்பா?”

“ஆக்டோபஸ் உண்மை.”

“வாழைப்பழம்?”

“உண்மை!”

வெங்கட்ராமன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. மேடைக்குக் கூப்பிட்டு அட்டைக் கற்றை முழுவதையும் என் கையில் கொடுத்தார். “ஒண்ணொண்ணா சொல்லுங்கோ. இது என்னோட பல வருஷச் சேமிப்பு.” நூறு பேர் முன்னால் நின்று படித்தேன். தேன் பத்திரமாக மூடி வைத்தால் கெடாது, உண்மை. ஆட்டின் கண்மணி நீள்சதுரம், உண்மை. ஆஸ்திரேலிய வாம்பாட் விலங்கின் சாணம் கனசதுரமாக இருக்கும், உண்மை, சிரிக்காதீர்கள். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்று ஒரு அட்டை வந்தது. “இது பொய்” என்றேன். “ஆனால் நான் செய்த பொய் இல்லை. அப்போது எனக்கும் அப்படித்தான் தெரியும்.” அதற்கு யாரோ கை தட்டினார்கள். கடைசி அட்டையை வைத்தபோது சேலை முதுகில் ஒட்டியிருந்தது, மனசு மட்டும் லேசாக இருந்தது. ஒன்பது வருடமாக ஒரு சின்ன முள் மாதிரி இருந்தது, அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

இசக்கியம்மாளுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். அடுத்த கேள்வி வெள்ளிக் கிரகம். தப்பாகச் சொன்னாள். இன்ஜினியர் கோப்பையை வாங்கினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இறங்கி நேராக ஷிண்டேயிடம் போனாள். திரும்பி வந்து என்னிடம் ஒரே வரி சொன்னாள். “நாளைக்குக் காலைல நேர்ல வந்து எண்ணுவாராம்.”

“அவர்தானே மேஸ்திரி? அவருக்குத் தெரியாதா?”

“இந்த ஏரியாவுக்கு அவரு வந்தே ரெண்டு மாசம்தான ஆவுது. மொத்தம் இருவது தோட்டம் அவரு தலையில கெடக்கு.” நின்றாள். பிறகு வெடித்தாள். “ஒரு திருட்டுப் பயலப் புடிக்க ஒங்களுக்கு எங்க தோட்டந்தானாக்கா கெடச்சுது? ஒங்க ஊர்ல தோட்டமே இல்லையா?”

திட்டுவது என் வேலை என்று இருந்தவள் நான். வாங்கிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மைதீன் பாய் சயான் சிக்னல் வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். ஆர்டர் போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன்.

“வேற பொய் இருக்கா தங்கச்சி?”

“இல்லை பாய். அது ஒண்ணுதான். என் தம்பி மேல சத்தியம்.”

“தம்பி மேல எவந்தான் சத்தியம் பண்ண மாட்டான்? சரி, ஆர்டர போன வருசம் மாதிரியே எழுதிக்கிடுங்க. ஆனா தப்புன்னு தெரிஞ்சா மறுநாத் தாள்லயே தப்புன்னு போட்டுரணும்.”

“முழு வருடத்தையும் முன்னாடியே அடிச்சிடுறோம் பாய். மறுநாள் தாளில் எப்படிப் போடுறது?”

அவர் யோசித்தார். “அப்ப அடுத்த வருசம் மொதத் தாள்ல போடுங்க. ஜனவரி ஒண்ணு. நான் சத்தமா வாசிக்கேன்.”

நான்காம் நாள் எனக்கு மத்தியானம் ரயில். ஆறரை மணிக்கே ஃபைவ் கார்டன்ஸ் போய்விட்டேன். மழை விட்டிருந்தது. பெரிய பெரிய மரங்கள். வயதானவர்கள் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். இசக்கியம்மாள் நீல கோட்டு போட்டு, வாரியலோடு நின்றாள். என்னைப் பார்த்து, “வந்துட்டியளா” என்று மட்டும் சொன்னாள். ஷிண்டே ஸ்கூட்டரில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடக்க ஆரம்பித்தார்.

ஏக் என்றார். தோ என்றார். அவ்வளவு இந்தி எனக்கும் புரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் அவள் முன்னால் ஓடி, புதுமனை காட்டுகிறவள் மாதிரி கதவைத் திறந்து பிடித்தாள். தீன். சார், அதாவது நாலு. நான் பத்தடி பின்னால் போனேன். ஐந்தாவது வந்தது. பாஞ்ச். நோட்டில் எழுதினார். மூடப் போனவர் நின்று தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

சாலை பிரிகிற இடத்தில் முக்கோணமாக ஒரு திட்டு இருந்தது. இரண்டு குரோட்டன்ஸ் செடி, ஒரு அறிவிப்புப் பலகை, மழையில் விழுந்து நசிந்த இலைக் குப்பை. இதுவரை ஒரு வாரியலும் அதைத் தொட்டதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் அதையே பார்த்தார். இசக்கியம்மாள் என் கையைப் பிடித்துவிட்டாள். அவர் திட்டைச் சுற்றி வந்தார். பலகையைத் தட்டினார். பிறகு சிரித்தார். எங்களிடம் வந்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, அவளிடம் நீளமாக ஏதோ பேசிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

“என்ன சொன்னார்?”

“ரோட்டுத் திட்டு நம்ம கணக்குல வராதாம். அஞ்சும் சுத்தமா இருக்காம். அப்படியே எழுதிப் போட்டுருதாராம்.” நடைபாதை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நானும் பக்கத்தில் உட்காரப் போனேன்.

“நீங்க எங்க உக்காருதிய? எனக்கு அஞ்சு முடிஞ்சா சோலி முடிஞ்சுது. ஆறாவது ஒங்களோடதுல்லா.” வாரியலை நீட்டினாள். “இந்தாங்க.”

வாங்கினேன். திட்டில் ஏறி, குரோட்டன்ஸைச் சுற்றி, ஈர இலையை எல்லாம் கூட்டிக் குவித்தேன். நடக்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“அங்கன மூலைய விட்டுட்டியளே” என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டினாள். அந்தப் பெரிய குரலில்.

மூலையையும் பெருக்கினேன்.